பிரிப்பது பொறி, பெயரிடுவது யார்?

வகுத்தறிதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தார். மனித மூளைக்கு அத்தகைய பணியைச் செய்தவருள் ஒருவர் புரொட்மன் என்னும் செருமானிய அறிஞர். சாயமூட்டிய மூளைத் துண்டங்களை நுணுக்குக்காட்டியிற் கண்டு, கலங்களின் அமைப்பு வேறுபாட்டால் மூளைப் புறணியைப் பகுதிகளாக்கி, 1909இல் எண்ணிட்டு வெளியிட்டார்.

அன்று கண்ணே கருவி. இன்றோ, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து மூளை ஆய்வு மையம் 2024 டிசெம்பரில் வெளியிட்ட 'தரணி' என்னும் கருக்குழந்தை மூளைப் படத்தொகுதியில் மட்டும் 5,132 துண்டங்களின் படங்கள் உள. இத்தகைய பெருந்தொகையைக் கண்ணொன்றையே நம்பி ஆராய்தல் அரிது. ஆதலின் அறிஞர் கணினியின் துணையை நாடுகின்றனர்.

கணினியின் நரம்பு வலை கற்கும் முறைகளுள் இரண்டைக் காண்போம். விடையெழுதிய படங்களைக் காட்டிப் பயிற்றுவது ஒன்று. விடையே காட்டாது, ஒத்தவற்றைத் தானே ஒன்றுசேர்க்க விடுவது மற்றொன்று. இஃது ஆசிரியரில்லாக் கல்வி. பின்லாந்து அறிஞர் கொகோனன் 1982இல் இதற்கொரு வழி கண்டார். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மிக நெருங்கிய கணு எதுவோ, அதுவும் அதன் அயற்கணுக்களும் அப்புள்ளியின் இயல்பை நோக்கிச் சிறிது நகரும். இது பன்முறை நிகழ, ஒத்தவை ஓரிடத்திற் கூடும். எம்.ஆர்.ஐ. படத்தில் நரைநிற இழையம், வெண்ணிற இழையம், மூளையைச் சூழ்ந்த பாய்பொருள் என்பன இவ்வாறு பிரிகின்றன.

ஆசிரியத் தொழில் பூண்ட யாம் இதனைக் கண்டு அஞ்சவில்லை. என்னை? பொறி பிரிக்குமேயன்றிப் பெயர் அறியாது. ஈரிழையமும் கலந்த எல்லைப் புள்ளியில் அது தடுமாறும். கட்டியை நல்லிழையத்தோடு சேர்த்துவிடவுங் கூடும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். சல்லடை பருமன் நோக்கித் தூளைப் பிரிக்கும், சுவை அறியாது. சுவைத்துத் தரம் கூறுபவர் வேறு.

நிற்க, பிழையான பெயரின் விலையை மலையகத்தார் நன்கறிவர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு எம்மவரை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகுத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு வழிதிறந்த சட்டம் 2003இலேயே வந்தது. வகுத்தவர் ஓரிடத்திருந்தனர், வகுக்கப்பட்டோர் வேறிடத்திருந்தனர். பெயரிட்ட அவையில் எம் குரல் எடுபடவில்லை.

ஆதலின், நாளை எம் நோயாளியின் மூளைப் படத்தைப் பொறி பிரிக்குங்கால், அதனைச் சரிபார்த்துப் பெயரிடுவோருள் லயத்திற் பிறந்த பிள்ளையும் ஒருவராதல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளிற் கணிதமும் உயிரியலும் கற்பிப்போர் குறைவென்பது நெடுநாட் குறை. பழைய மாணவர்காள்! விழா முடிந்தபின், வாரத்தில் ஒருநாள் ஒரு பாடசாலைக்குச் சென்று அவ்விரண்டினுள் ஒன்றைக் கற்பிப்பீராக. பொறிக்கு ஆசிரியர் வேண்டாமலிருக்கலாம். எம் பிள்ளைகட்கு வேண்டும்.