அக்னி மூலையும் அடுக்குமாடியும்

மும்பையில் ஃப்ளாட் வாங்கும் நம்மவர்களில் சிலர், சமையலறை அக்னி மூலையில் இல்லையென்றால் சுவரை இடித்து அறையையே மாற்றத் துணிகிறார்கள். நம்பிக்கையைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் சாஸ்திரம் தனி வீட்டை நினைத்துச் சொன்னது. அடுக்குமாடியிலோ குழாய்கள் மாடிக்கு மாடி நேராக இறங்குகின்றன. சமையலறையை நகர்த்தினால் நம் தொட்டி கீழ்வீட்டாரின் படுக்கைக்கு மேல் வந்துவிடும். கசிவும் மனக்கசப்பும்தான் மிஞ்சும். தூணையோ பீமையோ கொத்தினால் கட்டடத்துக்கே ஆபத்து.

இருக்கும் சமையலறைக்கும் ஒரு தென்கிழக்கு மூலை உண்டே! அடுப்பை அங்கே வைத்துக் கிழக்குப் பார்த்துச் சமைக்கலாம். தொட்டி பழைய குழாயருகிலேயே இருக்கட்டும். அந்த மூலையிலேயே குழாய் இருந்தால், கிழக்கு நோக்கிச் சமைப்பதோடு திருப்தியடையலாம். கடப்பாரையை எடுக்குமுன் வாஸ்து நிபுணரோடு ஒரு பொறியாளரையும் கேளுங்கள். கீழ்வீட்டாரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.