குறித்தால் மட்டும் போதுமா?

"தேடுபொறி இருக்கும்போது பக்கக்குறி எதற்கு?" என வினவுகின்றனர் இளம் ஆசிரியர் சிலர். வேறு சிலரோ, கண்ணிற்பட்ட பக்கத்திற்கெல்லாம் உலாவியின் விண்மீனைச் சொடுக்கிவிட்டு, அறிவைச் சேர்த்துவிட்டதாக மகிழ்கின்றனர். முன்னவர் சேர்ப்பதை இகழ்கின்றனர். பின்னவர் சேர்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். இரு சாராரும் பிழைபடுகின்றனர் என்பேன்.

தேடுபொறி ஆயிரம் பக்கங்களை நம்முன் கொட்டும். அவற்றுள் நம் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு எது தகும் என்று தேர்வது ஆசிரியர் கடமை. பத்துப் பக்கங்களைப் படித்து, ஒன்பதைத் தள்ளி, ஒன்றைக் குறிக்கிறாரே, அத்தேர்வே அவர்தம் உழைப்பு. அதனைக் குறித்து வையாதவர், அதே உழைப்பை ஆண்டுதோறும் மீண்டும் செய்கிறார்.

ஆயினும் குவித்து வைப்பது சேமிப்பாகாது. பணிமாற்றம் பெற்றுச் சென்ற ஆசிரியர் ஒருவரின் கணினியை ஒருமுறை திறந்து பார்த்தேன். நானூறுக்கும் மேற்பட்ட குறிகள். கோப்புறை ஒன்றேனும் இல்லை. பல குறிகளுக்கு 'முகப்பு' என்பதே பெயர். ஏறத்தாழப் பாதி திறக்கவில்லை. ஆறாண்டுத் தேட்டம் அடுத்து வந்தவர்க்குப் பயன்படாது போயிற்று. குற்றம் அவருடையதன்று, ஒழுங்கினை வற்புறுத்தாத தலைமையாசிரியனாகிய என்னுடையது.

குறி என்பது முகவரியே. வீடு இடிந்தபின் முகவரியால் யாது பயன்? யாஹூ நிறுவனம் 2009இல் ஜியோசிட்டீசை மூடியபோது, தனியார் ஆக்கிய எண்ணற்ற பக்கங்கள் அங்கிருந்து மறைந்தன. 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு 2023இல் கிட்டவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் அறிவித்தது. ஆங்கிலத்தில் ஒன்று மறைந்தால் அதனையொத்த பத்து எஞ்சும். நம் பாடத்திற்கேற்ற தமிழ்ப் பக்கமோ அரிது. மறைந்தால் ஈடு காண்பது கடினம். சுவடிகளைச் செல்லுக்கும் தீக்கும் கொடுத்துப் பின் வருந்திய நாம், மறுமுறையும் வாளாவிருக்கலாமா?

செய்யத் தக்கது மிகுதியன்று. ஆண்டுக்கொரு கோப்புறை, அதனுள் பாடத்திற்கொன்று. குறிக்குப் பயனை உணர்த்தும் தமிழ்ப் பெயர். பருவந்தோறும் ஒருமுறை களையெடுப்பு. உலாவியின் குறிகள் அனைத்தையும் ஒரே கோப்பாக எடுத்துப் பள்ளியில் ஒப்படைத்தல் வேண்டும். அரிய பக்கமாயின், 1996இல் தோன்றிய இன்டர்நெட் ஆர்க்கைவ் காப்பகத்தில் அதன் படியைப் பதிவு செய்தலும் நன்று.

"நேரமில்லை" என்பர். பாடவேளையில், நாற்பது பிள்ளைகள் காத்திருக்க, திறவாத பக்கத்தைத் திறக்க முயன்று இழக்கும் நேரம் யாருடையது? வாரத்திற்குப் பத்து நிமிடம் ஒதுக்க மனமில்லாதவர், பிள்ளைகளின் நேரத்தைச் செலவிட உரிமையுடையவர் ஆகார்.

பணிமாற்றம் வரும்; ஓய்வும் வரும். நாற்காலியை விட்டுச் செல்லும் நாம், தேடிய செல்வத்தையும் அடுத்தவர் கையில் ஒப்படைத்தே செல்வோமாக!