பாசிக்கு நஞ்சு வேண்டா

கண்ணாடித் தொட்டியிலே நீர்ச்செடி நட்டு மீன் வளர்க்கும் ஆர்வம் நம் மாணாக்கரிடை மிகுந்து வருதல் மகிழத்தக்கதே. ஆயின், அச்செடிகளின் இலைமீது பாசி படர்ந்தவுடன் கடைக்கு விரைந்து, பாசி கொல்லும் மருந்தை வாங்கி ஊற்றும் வழக்கமும் உடன் வளர்கின்றது. இது நன்றன்று என்பதே எமது கருத்து.

பாசி நோயன்று, நோயின் குறியே. மிகுந்த ஒளியும், மீனின் கழிவும் எஞ்சிய இரையும் நீரிற் சேர்க்கும் உப்புக்களும் அதனை வளர்க்கின்றன. செடி செழிக்குங்கால் அவ்வுப்புக்களைத் தானே கவர்ந்துகொள்ளும். நலியுங்கால் அதன் இலையே பாசிக்கு விளைநிலமாகும்.

1904-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையினரான மூர், கெல்லர்மன் என்னும் இருவர், நீர்த்தேக்கங்களின் பாசியை மயில்துத்தத்தாற் கொல்லும் முறையை வெளியிட்டனர். பெருந்தேக்கத்திற்கு ஏற்றது சிறு தொட்டிக்கும் ஏற்றதென்று கொள்ளுதல் பொருந்தாது. செம்பு கலந்த மருந்து நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. மென்மையான செடிகளையும் வாட்டும். மடிந்த பாசி அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குன்றி மீனும் வருந்தும். காரணம் நீங்காமையிற் பாசியோ மீண்டும் முளைக்கும்.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இலண்டனில் இரசாயன நூல் வல்லாராகிய ராபர்ட் வாரிங்டன் வேறு நெறி கண்டார். 1849-இல் அவர் அமைத்த தொட்டியில் பொன்மீன் இரண்டும் வாலிசுநேரியாச் செடியும் இருந்தன. இலைகள் அழுகி நீர் கலங்கிப் பாசி படர்ந்தபோது, அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் உண்டு நீரைத் தெளிவித்தன. அவை இட்ட முட்டைகளும் மீனுக்கு இரையாயின.

நாம் செய்யத்தக்கனவும் எளியனவே. தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரமே எரித்தல் வேண்டும். சில நிமிடங்களில் மீன் உண்டு முடிக்கும் அளவே இரையிடுக. வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றுக. பாசி மூடிய முதிர்ந்த இலைகளைக் கிள்ளி எறிக. வேலம்பாசி போன்று விரைந்து வளரும் செடிகளை மிகுதியாக நடுக.

இவ்வழி காலந்தாழ்க்கும் என்பார் உளர். தாழ்க்குமென்பது உண்மையே, சில வாரங்கள் செல்லும். எனினும், நம்மையன்றி வேறு புகலில்லாத சிற்றுயிர்களை நம் பொறுமையின்மைக்குப் பலியிடுதல் கற்றார்க்கு அழகன்று. மருந்துப் புட்டியைத் திறக்குமுன் விளக்கையும் இரையையும் ஒருமுறை ஆராய்ந்து பார்க்குமாறு தோழரை வேண்டுகின்றோம்.