கூடைப்பந்து ஃபவுலும் ஒரு தம்பியின் கணுக்காலும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தம்பியை ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்க. வயது 22. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. முந்தின நாள் ராத்திரி லைட் போட்டு நடந்த பேஸ்கட்பால் மேட்ச். த்ரீ பாயிண்டர் எறிஞ்சிட்டு இறங்கும்போது எதிரணிப் பையனோட ஷூ மேல பாதம் விழுந்து மடங்கிடுச்சு. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு.

"ரெஃப்ரி என்னப்பா கொடுத்தார்?"

"சாதா ஃபவுல் தான் சார். மூணு ஃப்ரீ த்ரோ. எனக்குப் பதிலா இறங்கினவன் போட்டான். ரெண்டு உள்ள போச்சு."

ரெண்டு பாயிண்ட். இவருக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு.

இதுல என் கருத்து இதுதான் மக்களே. நம்ம ஊர் டோர்னமென்ட்களில் இந்த ஃபவுலை சாதா ஃபவுலாகக் கொடுப்பதை நிறுத்தணும். இது புது விதி கூட இல்லை. அந்தரத்தில் இருக்கும் ஆட்டக்காரர் குதித்த இடத்திலேயே திரும்ப இறங்க உரிமை உள்ளவர், அவர் காலுக்கு அடியில் போய் மோதினால் அது பொதுவாக 'அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக்' ஃபவுல் என்று ஃபிபா விதிப்புத்தகம் சொல்லுது. அப்படிக் கொடுத்தால் ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும், அதுக்கப்புறம் பந்தும் அதே அணிக்கு. ஒருத்தரே ரெண்டு முறை செய்தால் ஆட்டத்தை விட்டு வெளியே.

அமெரிக்க என்பிஏவுக்கே இது லேட்டாகத்தான் உறைச்சுது. 2017 மே மாதம் கவாய் லெனார்ட் ஷாட் எறிந்துவிட்டு ஜாஜா பச்சூலியாவின் கால் மேல் இறங்கினார். அப்போ அவர் அணி ஸ்பர்ஸ் 20 பாயிண்டுக்கு மேல முன்னிலை. அவர் வெளியேறினார், அந்த மேட்ச்சும் போச்சு, தொடரும் 4-0ன்னு போச்சு. அடுத்த சீசனிலிருந்து, இறங்கும் இடத்தைக் கொடுக்காமல் முரட்டுத்தனமாகப் பாய்ந்தால் ரெஃப்ரி வீடியோ பார்த்து தண்டனையைக் கூட்டலாம்னு விதி வந்தது.

"ஃப்ரீ த்ரோ கூடினால் ஆட்டம் போரடிக்கும் டாக்டர்"னு சொல்வீங்க. பாதி உண்மை. வேணும்னே காலை நீட்டி ஃபவுல் வாங்கும் கில்லாடிகளும் இருக்காங்க. அதுக்கும் 2021ல் என்பிஏ கடிவாளம் போட்டுச்சு. ஏமாற்றி வாங்கும் ஃபவுலைக் குறைக்கலாம், காலை உடைக்கும் ஃபவுலைக் கூட்டலாம். ரெண்டும் ஒண்ணா நடக்கலாம்.

இப்போ என் துறைக்கு வர்றேன். கணுக்கால் மடங்கினால் நாலு அடி ஊன்றி நடக்க முடியுதா பாருங்க. முடியலைன்னாலோ, கணுக்காலின் ரெண்டு பக்க எலும்பு முட்டுகளின் பின்பக்கத்தை அழுத்தும்போது வலிச்சாலோ எக்ஸ்ரே கட்டாயம். எண்ணெய் போட்டு சுளுக்கு வழிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். இந்தத் தம்பிக்கு ராத்திரியே அதுவும் நடந்திருக்கு! காலையில் வீக்கம் ரெண்டு மடங்கு.

அடுத்தது கூலி. மைதானத்தில் பட்ட அடி வேலைக்காயம் ஆகாது. ஈஎஸ்ஐயில் நோய்க்கால உதவிதான்: கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனா அதுக்கு உரிய ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்கணும். இவர் நடுவில் கான்ட்ராக்டர் மாறியவர். கணக்குப் பார்த்தோம், 60 நாள் கூடத் தேறலை. ஆறு வாரமும் சுத்தமா கூலி இல்லை. திரும்பிப் போகும்போது அந்த மெஷினில் வேற ஆள் நிற்கலாம்.

பொன்னேரி, கவரைப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் டோர்னமென்ட் நடத்தும் தம்பிகளே, ஜம்ப் பால் போடும் முன்னாடி ரெண்டு கேப்டனையும் கூப்பிட்டு இந்த ஒரு ஃபவுலை மட்டும் ரெஃப்ரியை வாயால சொல்லச் சொல்லுங்க. அரை நிமிஷம் ஆகும்.

மேட்ச் யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டேன். இவங்க அணிதானாம். கோப்பையோட எடுத்த போட்டோவை போனில் காட்டினார். அதில் அவர் இல்லை.