எலிகள் விடுத்த எச்சரிக்கை

லக்னோவில் உள்ள மத்திய அரசின் நச்சியல் ஆய்வு மையத்தில், கருவுற்ற எலிகளுக்கு எண்டோசல்ஃபான் கொடுத்து ஆய்வு நடந்தது. அவை ஈன்ற ஆண் குட்டிகள் வளர்ந்தபின் அவற்றின் விந்தணு உற்பத்தி குறைந்திருந்தது. இந்த ஆய்வு 2001-ல் வெளியானது.

இனப்பெருக்க உறுப்புகள் கருவிலேயே ஹார்மோன்களின் துணையுடன் உருவாகின்றன. அந்தச் சில நாள்களில் ஏற்படும் இடையூறு, பிறக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. பருவம் எய்திய பிறகே வெளிப்படுகிறது. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் இதே நஞ்சு 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. அங்குள்ள சிறுவர்களிடம் பருவ வளர்ச்சி தாமதப்படுவதை ஆமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு 2003-ல் சுட்டிக்காட்டியது. ஆனாலும், நாடு முழுவதும் எண்டோசல்ஃபானுக்குத் தடை வர 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

அரசின் ஆய்வுக்கூடம் கண்டறிந்த உண்மை அரசின் செவிக்கு எட்டப் பத்தாண்டுகள் ஆனது வேதனைக்குரியது. உடனடியாகக் கொல்லாத நஞ்சு தீங்கற்றது என்கிற எண்ணம் மாற வேண்டும். முன்பே அனுமதி பெற்ற பூச்சிக்கொல்லிகளையும், அவை அடுத்த தலைமுறையின் இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கின்றனவா என்று மறுஆய்வு செய்து, முடிவுகளை மக்கள் முன் வைப்பது அரசின் கடமை. நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்தால், அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிடும்!