வார்ஃபரினை மாற்ற வேண்டாம், சோதனையை அருகில் கொண்டுவாருங்கள்

இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்த நோயால் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்காகிறது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வும் சுருங்கியிருந்தால் பதினேழு மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1978-லேயே சொன்னது.

ரத்தம் இப்படி உறைவதைத் தடுக்க டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்று கடந்த பதினைந்து ஆண்டுகளில் புதிய மாத்திரைகள் வந்துள்ளன. பழைய மருந்தான வார்ஃபரினைப் போல இவற்றுக்கு அடிக்கடி ரத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை. வால்வு சுருக்கமோ உலோக வால்வோ இல்லாதவர்களுக்கு இவற்றையே நாங்களும் பரிந்துரைக்கிறோம். ஆஸ்பிரின் இவற்றுக்கு ஈடாகாது.

ஆனால் ருமாட்டிக் வால்வு நோயாளிகளின் கதை வேறு. புதிய மாத்திரைகளைச் சோதித்த பெரிய ஆய்வுகள் இவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. சேர்த்து நடத்திய இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. 24 நாடுகள், 4,531 நோயாளிகள், சராசரி வயது ஐம்பது, பெரும்பாலோர் பெண்கள். ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடையே மரணமும் பக்கவாதமும் குறைவு, ரத்தக்கசிவும் கூடவில்லை. இத்தனைக்கும் வார்ஃபரின் எடுத்தவர்களில் பலருக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இருக்க வேண்டிய 2-க்கும் 3-க்கும் இடையில் எல்லா நேரமும் நிற்கவில்லை. மலிவான பழைய மாத்திரைதான் உயிர் காத்திருக்கிறது.

ஆகவே, மைட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் சுருங்கியவர்களையும் உலோக வால்வு பொருத்தியவர்களையும் வசதி கருதிப் புதிய மாத்திரைக்கு மாற்றக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. வசதியைச் செய்துதர வேண்டியது அரசு. ஐ.என்.ஆர். பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்கு பஸ் ஏறும் பெண்ணிடம் மாத்திரையைத் தவறவிடாதே என்று அறிவுரை மட்டும் சொல்வது நியாயமில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் அளவு சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. அது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வர வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தச் சோதனையையும் சேர்க்குமாறு தமிழக அரசைக் கேட்கிறோம்.

வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கீரையை ஒதுக்க வேண்டாம். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.