ஐஸ் வெச்ச மீனா? வேண்டாம் சார்!

திருச்சியில் மீன் வாங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘ஐஸ் வெச்சதா?’

குழுமணி ரோடு காசிவிளங்கி மார்க்கெட்டானாலும் சரி, தெருமுனையில் பைக்கில் பெட்டி கட்டிக்கொண்டு வருபவரானாலும் சரி, பதில் ஒன்றுதான். ‘ஐஸே படாத மீன் சார். காலைல புடிச்சது.’ கேட்டவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு (பார்க்கத் தெரியாவிட்டாலும் பார்க்க வேண்டும், அது மரபு) ஒரு கிலோ சங்கராவை வெட்டச் சொல்லிவிட்டு நிம்மதியாக நிற்பார்.

கொஞ்சம் மேப்பைப் பாருங்கள். திருச்சிக்குக் கடல் கிடையாது. நாகப்பட்டினம் சுமார் 140 கிலோமீட்டர். ராமேஸ்வரம் இருநூறுக்கும் மேல். சங்கரா தானாக நீந்தி கொள்ளிடத்தில் ஏறி வந்தாலொழிய, ஐஸ் படாமல் உறையூருக்கு வந்து சேர வழியில்லை. அப்படியும் ஒன்று வந்திருந்தால் அதைச் சாப்பிடவே கூடாது. நாம் கேட்பது ஒரு பொய். வியாபாரி பாவம், கேட்டதைக் கொடுக்கிறார்.

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு மீன் பெட்டியைப் பற்றி எழுதுகிறானே என்று மூக்கைப் பிடிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குப் போயிருப்பீர்கள். மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். ‘என்னங்க, தண்ணி தெளிச்ச பூவா? அப்ப வேண்டாம்’ என்று எந்த மாமியாவது திரும்பிப் போனதுண்டா? தெளிக்காத பூவைத்தான் வேண்டாம் என்போம். பூ வாங்கும்போது இருக்கிற அறிவு மீன் வாங்கும்போது எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

மீன் செத்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. அதன் செவுளிலும் குடலிலும் தோலிலும் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு நம் ஊர் வெயில் கல்யாணச் சாப்பாடு. கணக்கு ரொம்ப எளிது. சுத்தமான ஐஸுக்குள், அதாவது பூஜ்யம் டிகிரியில், ஒரு நாளில் ஆகிற கேடு, பத்து டிகிரியில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் ஆகிவிடும். முப்பது டிகிரியில் இதே கேட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். படகில் சாக்குக்கு அடியில் நாலு மணி நேரம் கிடந்த மீன், ஐஸில் இரண்டரை நாள் இருந்த மீனைவிடக் கிழவன். ஆனால் நாம் முதல் மீனை ‘ஃப்ரெஷ்’ என்கிறோம், இரண்டாவதை ‘ஐஸ் மீன்’ என்று ஒதுக்குகிறோம்.

இதில் வெறும் ருசி விஷயம் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்களில் ஹிஸ்டிடின் என்று ஒரு அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி, வாந்தி. ‘எனக்கு மீன் ஒத்துக்காது, அலர்ஜி’ என்று சொல்லிக்கொள்கிறவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது மீன் இல்லை, அந்த மீன் வெயிலில் கிடந்த நேரம். இன்னொரு சங்கதி: கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. புளி, மிளகாய் எல்லாம் அதனிடம் பலிக்காது. கெட்டபிறகு ஐஸில் போட்டாலும் போகாது. ஐஸ் கடிகாரத்தை மெதுவாக்கும், பின்னால் திருப்பாது.

ஆகவே விஷயம் திருச்சி மார்க்கெட்டில் இல்லை. லாரியிலும் இல்லை. எட்டு, ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஒரு ஃபைபர் படகில், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் இருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கிழக்குக் கரையில் ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. படகு வந்தது, எஞ்சின் வந்தது, வலை வந்தது. மீனை எதில் வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் பல படகுகளில் பதில் ஒரு ஈரச்சாக்கு, இல்லாவிட்டால் ஒரு தார்ப்பாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, அக்னி நட்சத்திரத்தில் நமக்கு மீன் கொண்டுவருவது (கேரளா லாரிகளைத் தவிர்த்தால்) இந்தச் சின்னப் படகுகள்தான். வருஷத்திலேயே சூடு அதிகமான இரண்டு மாசம், ஐஸ் குறைவான படகுகள்!

‘அதான் போர்ட்டபிள் ஃப்ரிட்ஜ் வந்துடுச்சே’ என்பார்கள் நம் படித்த நண்பர்கள். காரில் வைக்கிற, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற, பளபளவென்ற பெட்டி. அதைப் படகில் வைத்தால் என்ன?

வைக்கலாம், பியர் குளிர வேண்டுமென்றால். இவற்றில் விலை குறைந்தவை பெல்ட்டியர் வகை. 1834ல் கடிகார வேலையை விட்டு விஞ்ஞானத்துக்கு வந்த ஜான் பெல்ட்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த தத்துவம். இரண்டு வெவ்வேறு கடத்திகளின் இணைப்பில் மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் குளிரும், இன்னொரு பக்கம் சுடும். அழகான விஷயம். ஆனால் சோம்பேறி. வெளியே இருக்கிற சூட்டைவிட இருபது டிகிரி குறைத்தாலே பெரிது. வெளியே 35 என்றால் உள்ளே 15. மீனுக்கு 15 டிகிரி என்பது ஏ.சி. ரூம் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தா.

கணக்கைப் பாருங்கள். ஐம்பது வாட் மின்சாரம் தின்னும் பெல்ட்டியர் பெட்டி உள்ளேயிருந்து வெளியேற்றும் வெப்பம் இருபது வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் ஏறத்தாழ 2.3 யூனிட். அதாவது அரை ஐஸ் பார் செய்கிற வேலையை முடிக்க அந்தப் பெட்டிக்கு 115 மணி நேரம் வேண்டும். கிட்டத்தட்ட ஐந்து நாள்! காலையில் போய் மத்தியானம் திரும்புகிற படகில்.

கம்ப்ரஸர் வைத்த ஃப்ரிட்ஜ்கள் உண்டு. அவை நிஜமான ஃப்ரிட்ஜ், மைனஸில்கூடப் போகும். ஐரோப்பாவில் பாய்மரப் படகில் வாரக்கணக்கில் சுற்றுகிறவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது சரி, ஏனென்றால் அவர்கள் எடுத்துப்போவது ஏற்கெனவே குளிர்ந்த பாலும் வெண்ணெயும். நம் ஆள் ஏற்றுவது முப்பது டிகிரியில் துள்ளுகிற ஐம்பது கிலோ மீன். போதாக்குறைக்கு, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற எஞ்சினில் பன்னிரண்டு வோல்ட் ப்ளக் பாயின்ட்டை எங்கே போய்த் தேடுவது? உப்புக் காற்றில் அந்த ஃபேன் எத்தனை நாள் சுற்றும்?

பெட்டி என்றால் மின்சாரம், மின்சாரம் என்றால் முன்னேற்றம் என்று நினைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. 1833ல் ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாசப் பயணம், வழியில் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். மரப்பலகை, மரப்பட்டைத்தூள், வைக்கோல் மாதிரியான சங்கதிகள்தான் காப்பு. கல்கத்தாவில் இறங்கியது சுமார் நூறு டன். மெட்ராஸிலும் அந்த ஐஸை வைக்க 1842ல் ஒரு கட்டடம் கட்டினார்கள். கடற்கரையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக நிற்கிறதே, அதேதான். நாலு மாசம் ஐஸைக் காப்பாற்ற முடிந்த மனுஷ குலத்துக்கு எட்டு மணி நேரம் காப்பாற்ற முடியவில்லை என்றால் அது டெக்னாலஜி பிரச்னை இல்லை.

படகுக்கு வேண்டியது ஒரு நல்ல ஐஸ் பெட்டி. அவ்வளவுதான். நூறு லிட்டர் பெட்டி, சுவரில் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு பாலியூரித்தேன் ஃபோம் (கடைக்காரர் பாஷையில் ‘பஃப்’). வெளியே வெயில் 35 டிகிரி அடித்தாலும் சுவர் வழியாக ஒரு நாளில் கரைகிற ஐஸ் ஆறேழு கிலோதான். சுவரைப் பாதியாக்கினால் கரைவது இரண்டு மடங்கு. ஃபோமே இல்லாத வெறும் பிளாஸ்டிக் டப் என்றால் ஐஸ் போட்டதும் தெரியாது, போனதும் தெரியாது. பெட்டி வெள்ளை நிறமாக இருக்கட்டும். மூடியில் ரப்பர் பட்டை இருக்கட்டும். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டையும் அதற்கு அடைப்பானும் கட்டாயம், ரத்தத் தண்ணீரில் மீன் ஊறக்கூடாது. கட்டிவைக்க வளையம் வேண்டும், இல்லாவிட்டால் அலையில் முதலில் பெட்டி போகும், பிறகு ஆள் போவார். தெர்மோகோல் பெட்டி மலிவு, லாரிக்குப் போதும். படகில் ஏறி மிதித்தால் இரண்டே வாரத்தில் உதிர்ந்து கடலுக்குத்தான் போகும்.

ஐஸ் எவ்வளவு? ஐம்பது கிலோ மீனை முப்பதிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கவே பதினாறு கிலோ ஐஸ் கரையும். கசிவு, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் மீனுக்குச் சமமாக ஐஸ் என்பதுதான் நம் ஊருக்குப் பொருத்தமான அளவு. மேலே மட்டும் கொட்டாமல் ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன்.

இத்தனைக்கும் புதுப்பெட்டிகூட வேண்டியதில்லை. பழைய இரும்புக்கடைக்குப் போகிற ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, கதவை மூடியாக்கி மீன் விற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் இந்தத் தேசத்தின் சிறந்த இன்ஜினியர்கள் அவர்கள்தான். மீனுக்கு உயிருள்ள ஃப்ரிட்ஜைவிடச் செத்த ஃப்ரிட்ஜ் மேல்.

சரி, இவ்வளவு சுலபம் என்றால் மீனவர் ஏன் செய்வதில்லை? அவருக்குத் தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும். கரையில் ஏலம் கூவும்போது ஐஸ் வைத்த மீனுக்கும் வைக்காத மீனுக்கும் பெரும்பாலும் ஒரே விலை. பலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள், மீன் அவருக்குத்தான் போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். ஐஸுக்குக் காசு, அதன் கனத்துக்கு டீசல், அது அடைக்கிற இடத்துக்கு ஒரு கூடை மீன் நஷ்டம். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அவர் ஐஸ் வைத்தால், 140 கிலோமீட்டர் தள்ளி நாம் ‘ஐஸ் மீனா, வேண்டாம்’ என்கிறோம். அவருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

நம்முடைய இந்த வெட்டி வீம்புதான் ஃபார்மலினுக்கு வாசல் திறக்கிறது. 2018 ஜூனில் கேரளாவில் லாரி லாரியாக ஃபார்மலின் மீனைப் பிடித்தார்கள். ஜூலையில் சென்னை மீன்களிலும் அது இருப்பதாகச் சோதனையில் வந்தது. கோவா வெளிமாநில மீனையே கொஞ்ச நாள் தடை செய்தது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் காகிதப் பட்டையை மீன்மேல் தேய்த்துக் கண்டுபிடிக்கும் கிட் ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாம் நல்லது. ஆனால் பிணத்தைப் பதப்படுத்துகிற திரவத்தை ஒருவன் மீனில் ஏன் தெளிக்கிறான்? ஐஸ் வேலை செய்யவேண்டிய நேரம் தாண்டிப்போன மீனை, ஐஸே படாததுபோல் காட்டத்தான்.

நம் அதிகாரிகளோ விஷயத்தை வாலிலிருந்து பிடிக்கிறார்கள். விடியற்காலையில் மார்க்கெட்டில் ரெய்டு, அழுகிய மீன் பறிமுதல், பினாயில் ஊற்றிப் புதைப்பு, பேப்பரில் ஃபோட்டோ. புதைத்தது யாருடைய உழைப்பு, அது எங்கே கெட்டது என்று யாரும் கேட்பதில்லை. 2020ல் ஆரம்பித்த மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் ஐஸ் பெட்டி வைத்த சைக்கிள், பைக், மூன்று சக்கர வண்டிக்கெல்லாம் மானியம் உண்டு. கைதட்டி வரவேற்கிறேன். ஆனால் பைக்கில் இருக்கும் பெட்டிக்கு வருவதற்கு முன்பே கெட்டுப்போன மீனுக்கு அது ஐஸ் பெட்டி இல்லை, சவப்பெட்டி.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த வயதான அம்மா ஒருவரை, மீன் நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்த நாற்றம் மீனின் குணமில்லை. புது மீனில் கடல்பாசி வாசனைதான் வரும். நாற்றம் என்பது பாக்டீரியா தயாரிக்கிற டிரைமெத்திலமின், அதாவது ஐஸ் இல்லாததன் வாசனை. நாம் கொடுக்க மறுத்த ஐஸுக்கு அந்த அம்மா அபராதம் கட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்களேன். ‘அண்ணே, ஐஸ் எங்க வெச்சது? போட்டுலயா, கரையிலயா, லாரியிலயா?’ முதல் நாள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால் அவர் லாரிக்காரரைக் கேட்பார். லாரிக்காரர் ஏலக்காரரைக் கேட்பார். ‘போட்டுலயே வெச்சது’ என்று ஒருவர் நிரூபித்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுங்கள். முடிவெட்டுகிற கடையில் ஏ.சி.க்குத் தனியாகக் கொடுக்கிறோம், மீனுக்குக் கொடுத்தால் என்ன?

‘கடல் மீன் வம்பே வேண்டாம், நமக்குக் காவிரி போதும்’ என்பவர்கள் உண்டு. உயிரோடு தொட்டியில் நீந்துகிற விராலுக்கு ஐஸ் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெண்டை? வலையிலிருந்து எடுத்து, பரிசலில் போட்டு, கரையில் சாக்கு விரித்துக் கொட்டி, மத்தியானம் வரை ஈ ஓட்டிக்கொண்டிருப்பதற்குப் பேர் ஆற்று மீன் ஃப்ரெஷ்! இதற்கு இருபது லிட்டர் பெட்டி ஒன்றும் அஞ்சாறு கிலோ ஐஸும் போதும். அதற்கெல்லாம் பரிசல் கவிழாது.